துவைக்க வேண்டிய வாந்தி, மலை இறங்க வேண்டிய வாந்தி

நவம்பர் மாதத்தில் கோத்தகிரியில் துணி காய்வதில்லை. கொடியில் போட்டால் மூடுபனி அதை இன்னும் கொஞ்சம் நனைத்துவிட்டுப் போகும். அதனால் என் தங்கை வீட்டில் விறகடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டி, பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த சதுரத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 20 துணி, சில நாட்களில் 25. அத்தனையும் ஆறு வாரப் பெண் குழந்தை ஒருத்தி கக்கிய பாலைத் துடைத்தவை. விறகுப் புகையும் திரிந்த பாலின் புளிப்பும் கலந்த ஒரு நெடி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறும்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "கக்கின பிள்ளை தக்கும், விடு" என்றார் மாமியார். "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டின் பாலுக்கு மாற்றிவிடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மருந்துக்கடையில் விவரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். என் தங்கைக்குத் தெரிய வேண்டியிருந்ததோ ஒன்றே ஒன்றுதான். இது துணி துவைத்தால் தீர்கிற சங்கதியா, மலையை விட்டு இறங்க வேண்டிய சங்கதியா?

சமவெளி நகரத்தில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இல்லை. சந்தேகம் வந்தால் ஆட்டோ பிடித்து அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். மலையில் அப்படி இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல், மழையில், கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பச்சிளங்குழந்தையை எடுத்துக்கொண்டு இறங்குவதா என்பது குடும்பமே கூடிப் பேசி எடுக்கிற முடிவு. பேசத் தொடங்கினால் நேரம் போய்விடும். அதனால் எந்த வாந்திக்கு இறங்க வேண்டும் என்பதை, வாந்தி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில், பால் ஏன் மேலே வருகிறது? உணவுக்குழாய் இரைப்பையில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையின் வாய் போல அது இறுகியிருக்க வேண்டும், விழுங்கும்போது மட்டும் தளர வேண்டும். பிறந்த குழந்தையிடம் அது விழுங்காத நேரத்திலும் அடிக்கடி தானாகத் தளர்ந்துவிடுகிறது. உணவுக்குழாயும் குட்டை. பெரியவர்களுக்கு 25 செ.மீ. அளவில் இருப்பது பச்சிளங்குழந்தைக்கு 8 முதல் 10 செ.மீ. மட்டுமே. இரைப்பையை விட்டுக் கிளம்பிய பால் வாய்க்கு வர வெகுதூரம் போக வேண்டியதில்லை. குழந்தை சாப்பிடுவது முழுக்கத் திரவம், நாளின் பெரும்பகுதி படுத்தே இருக்கிறது. அளவையும் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மி.லி. பால் குடிக்கிறது. இதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் தினமும் 9 லிட்டர் குடித்துவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். அவருக்கு மேலே வராமல் இருந்தால்தான் அதிசயம்.

இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். இது நோய் அல்ல, ஒரு பருவம். அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்துக் குழந்தைகளை வைத்துச் செய்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு மாதக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு தினமும் ஒரு தடவையாவது கக்கின. பத்து மாதத்தைத் தாண்டியவர்களில் அது 5 சதவீதம். மாமியார் சொன்ன பழமொழியில் ஆராய்ச்சிக்கு முந்தைய ஆராய்ச்சி இருக்கிறது. கக்கிக்கொண்டே கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. ஆனால் தக்கிய பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன சொல் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தக்காமல் போனவை கணக்கில் வரவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கக்குகிற குழந்தை வீறிட்டு அழுதால், கக்குவதால்தான் அழுகிறது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் வெளியிட்ட ஆய்வுக்காக 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களை விட்டே குறித்துவைக்கச் சொன்னார். ஆறாவது வாரத்தில் ஆரோக்கியமான குழந்தையே நாளொன்றுக்கு 2¾ மணி நேரம் அழுதது. பிறகு தானாகக் குறைந்தது. அழுகையும் அதே மாதங்களில் கூடுகிறது, கக்கலும் அதே மாதங்களில் கூடுகிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. 'கடுமையான எதுக்களிப்பு' என்று பெயர் சூட்டப்படும் குழந்தைகளில் பலர், நிறையக் கக்கவும் செய்கிற, நிறைய அழவும் செய்கிற சாதாரணக் குழந்தைகள்தான் என்பது என் எண்ணம். வீட்டாருக்கு அது கடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தோளில் மூன்றாவது முறையாக வெதுவெதுப்பாகப் பால் வழியும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் ஆறுதல் தராது.

அப்படியானால் உண்மையிலேயே கடுமையானது எது? துணியை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, எடையைப் பார்த்தால் தெரியும். பிறந்த முதல் நாட்களில் எடை குறைந்து, 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால், உள்ளே தங்கும் பால் போதுமானதாக இருக்கிறது. முதல் வாரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். எடை ஏறாமல் நிற்பது, மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கத்திப் பால் குடிக்க மறுப்பது, கக்கலில் ரத்தம் தெரிவது, பால் குடிக்கும்போது மூச்சுத் திணறி நீலம் பாய்வது, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி பிடிப்பது இவையெல்லாம் எதுக்களிப்பு நோயாக மாறியிருக்கலாம் என்பதற்கான குறிகள். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகள், உணவுக்குழாயில் பிறவிக் குறை இருந்து அறுவை செய்யப்பட்டவர்கள், நரம்பு மண்டலப் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது நடக்கும் வாய்ப்பு அதிகம்.

எடை பார்ப்பதில் மலைக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மேலே ஒரு சால்வை என்று சுற்றிக் கொண்டுபோய் அப்படியே தராசில் வைப்பார்கள். அடுத்த வாரம் வெயில் அடித்திருக்கும், குழந்தை ஒற்றைச் சட்டையில் போகும். கம்பளி உடுப்பு மட்டுமே இரண்டு வாரத்து எடை ஏற்றத்தை விழுங்கிவிடும். என் தங்கை வீட்டில் நடந்ததும் இதுதான். அட்டையில் எடை இறங்கியிருந்ததைப் பார்த்து இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர், அறையின் கதவைச் சாத்தச் சொல்லி, குழந்தையின் உடுப்பை முழுக்கக் கழற்றி, அவருடைய தராசிலேயே நிறுத்து, இனிமேல் எப்போதும் இதே தராசு, இதே கோலம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதத்தில் அந்த வீட்டுக்குக் கிடைத்த சிறந்த வைத்தியம் அதுதான்.

இனி, யோசிக்காமல் கிளம்ப வேண்டிய இரண்டு வாந்திகள்.

ஒன்று, பச்சை. இலைப் பச்சையிலோ கரும்பச்சையிலோ வாந்தி வந்தால் அது பித்தநீர். குடல் எங்கோ அடைபட்டிருக்கலாம். கருவில் குடல் சரியாகத் திரும்பி அமராமல் போன குழந்தைகளுக்கு அது முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. அங்கே கணக்கு மணிகளில்தான், நாட்களில் இல்லை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'பச்சையாக வந்தது' என்று வாயால் சொல்வதைவிட அந்தத் துணி மருத்துவரிடம் தெளிவாகப் பேசும்.

இரண்டாவது, பீய்ச்சியடிக்கும் வாந்தி. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயில் உள்ள தசை தடித்துப்போய் வழியை அடைப்பதால் வருவது. பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் தொடங்கும். ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்கு அதிகம். ஒவ்வொரு முறை குடித்ததும் பால் வீச்சாகப் பாயும், வாந்தி எடுத்த கையோடு குழந்தை பசித்து மறுபடி குடிக்கத் துடிக்கும், நாளுக்கு நாள் வற்றும். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரூங் 1888இல் இதைத் தெளிவாக விவரித்தார். அப்போது பிழைத்தவர்கள் சொற்பம். அந்தத் தசையை நீளவாக்கில் கீறிவிட்டால் போதும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் 1912 வாக்கில் காட்டிய பிறகு நிலைமை தலைகீழானது. இன்று ஸ்கேன் செய்து கண்டுபிடித்து, உடலில் குறைந்த உப்பையும் நீரையும் சரிசெய்துவிட்டு அறுவை செய்கிறார்கள். குழந்தை சில நாட்களில் வீடு திரும்பிவிடும்.

இவை தவிர, மூன்று மாதத்துக்குள் காய்ச்சல், தொட்டால் சில்லென்று இருக்கிற சோர்ந்த உடம்பு, புடைத்த உச்சிக்குழி, உப்பிய வயிறு ஆகியவற்றில் ஒன்று வாந்தியோடு சேர்ந்தாலும் அது எதுக்களிப்புப் பேச்சு இல்லை. கிருமித்தொற்றாக இருக்கலாம். குளிர் ஊரில் 'பனிக்குச் சில்லிட்டிருக்கிறது' என்று அந்த இரண்டாவது குறியை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கக் கூடாது.

எங்கே போவது? நீலகிரியில் இந்தக் கேள்விக்கான பதில் சமீபத்தில் மாறியிருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கப்பட்டது. 700 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதல் பரிசோதனைக்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. ஆனால் பச்சிளங்குழந்தைக்குக் குடல் அறுவை என்றால் இன்றும் பேச்சு கோயம்புத்தூரில்தான் போய் நிற்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. சொச்சம், அங்கிருந்து இன்னொரு 35. கூடலூர், பந்தலூர் மக்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு ஊட்டியைவிடக் கேரளத்துச் சுல்தான் பத்தேரியும் கோழிக்கோடும் மனதளவில் பக்கம். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டபோது சாலைகள் துண்டானதை யாரும் மறக்கவில்லை. ஆகவே மழைக்காலத்தில் பிறக்கும் குழந்தைகளின் வீட்டில், பாதை அடைபட்டால் மாற்றுப்பாதை எது, 108 வண்டி எதுவரை வரும் என்று முன்கூட்டியே பேசிவைப்பதைத் தேவையற்ற பயமென்று நான் நினைக்கவில்லை.

சரி, இறங்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. துவைக்க வேண்டிய வாந்திதான். வீட்டில் என்ன செய்வது?

பால் கொடுத்தபின் 20 முதல் 30 நிமிடம் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். எல்லாரும் சொல்வது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் யாரும் கணக்குப் போடுவதில்லை. நாளுக்குப் பத்து முறை பால், ஒவ்வொரு முறையும் அரை மணி என்றால் அது ஐந்து மணி நேரம். பால் கொடுக்கிற நேரம் அதில் சேரவில்லை. பிரசவித்த உடம்போடு ஒருத்தி மட்டும் இதைச் செய்ய முடியாது. பால் கொடுக்கத்தான் தாய் வேண்டும், தோள் யாருடையதாக இருந்தாலும் குழந்தைக்கு ஒன்றுதான். என் தங்கை கணவர் இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் கொடுக்கிற பாலுக்குப் பிறகான தோளைத் தனதாக்கிக்கொண்டார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் தங்கை என்ற ஒருத்தி மறுபடி கண்ணில் பட்டாள்.

மார்பில் பால் பீறிட்டு வருகிற தாய்மார் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டு கொடுத்தால் குழந்தை மடமடவென்று விழுங்க வேண்டியிருக்காது. புட்டிப்பால் என்றால் அளவைக் குறைத்து, தடவைகளைக் கூட்ட வேண்டும். கக்கியதை ஈடுகட்டுவதாக நினைத்து உடனே மறுபடி ஊட்டுவது, நிரம்பிய குடத்தில் இன்னொரு செம்பு ஊற்றுகிற வேலை. டின் பாலுக்கு மாறும் யோசனையோ தலைகீழ் வைத்தியம். தாய்ப்பால் இரைப்பையை விட்டு விரைவாக இறங்கிவிடும், டின் பால் அதிக நேரம் தங்கும். பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் 'உன் பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற வாக்கியம் இளந்தாயின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கும் என்று சொல்பவர்கள் யோசிப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி. தலைமாட்டில் தலையணை, மடித்த கம்பளி வைத்து உயர்த்தினால் பால் மேலே வராது என்பது பரவலான நம்பிக்கை. குழந்தை நழுவிக் கீழே வந்து வயிறு மடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். சாய்வு இருக்கையில் உட்கார வைத்தால் எதுக்களிப்பு கூடுகிறது என்று 1983லேயே ஆய்வு காட்டிவிட்டது. பால் குடித்த உடனே தூளியில் போடுவதிலும் அதே மடங்கல்தான். குப்புறப் போட்டால் எதுக்களிப்பு குறைவது உண்மை. ஆனால் தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறக்கும் ஆபத்து அதில் பல மடங்கு. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று இயக்கம் நடத்திய பிறகு அத்தகைய இறப்புகள் ஏறக்குறைய பாதியாகின. மல்லாக்கக் கிடந்தால் கக்கல் மூச்சுக்குழலுக்குள் போகாதா என்று கேட்பார்கள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைகின்றன. மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் விழுவது பாலுக்கு அவ்வளவு எளிதல்ல. சமமான படுக்கை, மல்லாந்த குழந்தை, முகத்தருகே கம்பளி இல்லை. குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்துவது பெரியவர்களையே கொல்லும் வழக்கம். பச்சிளங்குழந்தை இருக்கும் அறையில் அதை நினைக்கவே கூடாது.

கைவைத்தியத்துக்கு வருவோம். எதுக்களிக்கும் சில குழந்தைகள் முதுகை வில்லாக வளைத்துக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளும். பார்த்தவர்கள் உரம் (சுளுக்கு) விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு இருவர் பிடித்து உருட்டுவார்கள். பால் குடித்த வயிற்றோடு உருட்டினால் மிச்சமும் வெளியே வரும். உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பதும் குடல் தட்டுவதும் அந்த வரிசையில் சேர்பவை. வசம்பை நம் ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்று கொண்டாடுகிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்கு அஞ்சி அமெரிக்கா 1968இல் உணவில் அதற்குத் தடை போட்டது. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பதில் போட்டுலிசம் என்ற நச்சுத்தொற்று அபாயம் உண்டு. இவற்றில் எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் வருகிற சளிக்காய்ச்சல் சாதாரண மருந்துக்கு அடங்காது.

கடை மருந்து மட்டும் என்ன வாழ்ந்தது? அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் மருந்தை 162 குழந்தைகளிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வெறும் இனிப்பு நீர் போன்ற போலி மருந்து பெற்றவர்களிலும் அதே 54 சதவீதம். மருந்து பெற்ற பக்கத்தில் நுரையீரல் தொற்று போன்ற கடும் பாதிப்புகள் கூடுதல். சிசாப்ரைடு ஒரு காலத்தில் இதற்கென்றே ஊட்டப்பட்டது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது. அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ரானிடிடின் 2020இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. வாந்திக்கென்று இன்றும் கடைகளில் நீட்டப்படும் டாம்பெரிடோன் சொட்டு மருந்துக்கு ஐரோப்பா 2014இல் கட்டுப்பாடு விதித்தது. எடை ஏறாமல், உணவுக்குழாய் புண்ணாகி அவதிப்படும் குழந்தைக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு அமில மருந்து தருவது வேறு. நன்றாக வளரும் குழந்தை கக்குகிறது என்பதற்காகத் தருவது வேறு. 2018இல் அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை வயிற்று மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டாவதை வேண்டாம் என்றே சொல்கிறது.

அதே வழிகாட்டுதல் மருந்துக்கு முன்னால் வைக்கும் ஒரு படி, தேயிலை மலையில் சிரமமானது. பசும்பால் ஒவ்வாமையும் எதுக்களிப்பு போலவே வேடமிடும். மலத்தில் ரத்தக் கீற்று, தோலில் கரப்பான் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்போது தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பாலையும் பால் பொருட்களையும் முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டும். தயிர், மோர், நெய், எல்லாவற்றுக்கும் மேலாக டீயில் விடும் பால். நாளைக்கு ஐந்து டம்ளர் பால் டீ குடிக்கிற ஊரில் இது லேசான தவம் இல்லை. கூடலூர்ப் பக்கத்துப் பால் விடாத கட்டன் சாயாதான் கை கொடுக்கும். மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்கவும் வேண்டாம், பத்தியம் என்ற பெயரில் மற்றதையெல்லாம் சேர்த்து நிறுத்தவும் வேண்டாம்.

தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கணக்கு இன்னும் இறுகும். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுத்தால் மிச்சம் 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். கக்கல் உச்சத்தில் இருக்கும் மாதம் எதுவோ அதே மாதத்தில் அவள் கொழுந்து பறிக்கத் திரும்ப வேண்டும். தினக்கூலிப் பெண்ணுக்கு நடைமுறையில் அதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சட்டம் உண்டு. ஆனால் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவிடம், இவளை மட்டும் அரை மணி தோளில் போட்டுக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது?

என் தங்கை மகள் ஆறாம் மாதம் உட்காரத் தொடங்கியதும் துணிகள் பத்தாகக் குறைந்தன. ஒன்பதாம் மாதம் கேழ்வரகுக் கூழ் தின்னும்போது எப்போதாவது ஒன்று. எந்த நாளில் நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. போன முறை போனபோது அடுப்புக்கு மேலே இருந்த அந்தக் கயிற்றில் மாமியார் விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்.